சேலத்தில் யார் எந்தக் கட்சி?

கேள்வி: 1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலத்தில் சூனியக்காரிகள் என்று தூக்கிலிடப்பட்டவர்கள் திருச்சபையில் சேராதவர்கள்தானே? சபையார் ஒரு கட்சி, சேராதவர் எதிர்க்கட்சி என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ரெபெக்கா நர்ஸையும் மார்த்தா கோரியையும் மறந்துவிட்டால் வைத்துக்கொள்ளலாம். தூக்கில் தொங்கிய இருவருமே முழு அங்கத்தினர்கள். ரெபெக்கா சேலம் டவுன் சபை. மார்த்தாவோ சேலம் கிராமத்தில் போதகர் சாமுவேல் பாரிஸ் நடத்திய திருச்சபையிலேயே, அதாவது கிராமச் சபையிலேயே, இருந்தவர்.

கோவிலுக்கு வருகிறவரெல்லாம் அங்கத்தினர் என்று நினைப்பதில்தான் குழப்பம். பியூரிட்டன் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவினர்) ஊரில் பிரசங்கம் கேட்க எல்லாரும் வந்தாக வேண்டும். போதகர் சம்பளத்துக்கு எல்லாரும் வரி கட்ட வேண்டும். அங்கத்தினர் ஆவது வேறு சமாச்சாரம். மனந்திரும்பியதைச் சபையார் ஒப்புக்கொள்ளும்படி சாட்சி சொல்லி, உடன்படிக்கைக்கு உட்பட வேண்டும். திருவிருந்தும் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் அதன் பிறகுதான். சபையில் ஓட்டு ஆண்களுக்கு மட்டும். 1662இல் கூடிய சினாடு (சபைகளின் பொதுக்கூட்டம்) ஞானஸ்நானத்துக்கு மட்டும் பாதிக் கதவைத் திறந்துவிட்டது: முழு அங்கத்தினர் ஆகாத பெற்றோரின் பிள்ளைக்கும் அதைத் தரலாம் என்றது. 1689 நவம்பரில் 27 பேரோடு தொடங்கிய கிராமச் சபையில் பாரிஸ் அதையும் சாத்தி வைத்தார்.

ஆக, ஊரில் இரண்டு கூட்டம். போதகரை அபிஷேகம் செய்வது சபை. படியளப்பது வரி கட்டும் கிராமத்தார். பாரிஸுக்குப் பேசிய சம்பளம் ஆண்டுக்கு 66 பவுண்ட்: மூன்றில் ஒரு பங்கு ரொக்கம், மீதி பண்டமாக. 1691 அக்டோபரில் தேர்வான கிராமத்து ஐவர் கமிட்டி அந்த வரியைப் போடவே மறுத்தது. ஐவரில் ஒருவர் ரெபெக்காவின் கணவர் பிரான்சிஸ். இன்னொருவர் ஜோசப் புட்னம். மறு வருஷம் சூனியப் புகார்களில் முன்னால் நின்ற தாமஸ் புட்னமுக்கு இளைய தாரத்துத் தம்பி! குடும்பக் கணக்கும் முழுசாக ஒத்துவராது.

சபைக்குள்ளேயே பாருங்கள். ரெபெக்கா கைதான சில நாளில், திருவிருந்து ஞாயிறன்று பாரிஸ் எடுத்த வசனம் "உங்களுக்குள்ளும் ஒருவன் பிசாசாயிருக்கிறான்". ரெபெக்காவின் தங்கை சாரா கிளாய்ஸ் எழுந்து வெளியே போனார். கதவு படாரென்று அடித்துக்கொண்டது. பிறகு அவரும் கைதானார். அவரும் அந்தச் சபை அங்கத்தினர்தான். பாரிஸோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய ரெபெக்காவின் மகன் சாமுவேல் நர்ஸ், மருமகன் ஜான் டார்பெல், சாராவின் கணவர் பீட்டர் கிளாய்ஸ் எல்லாருமே அங்கத்தினர்கள். 1695இல் அவரை அனுப்பச் சொல்லி 84 பேரும், இருக்கச் சொல்லி 105 பேரும் கையெழுத்திட்டார்கள். கூடுதல் கையெழுத்து இருந்தும் அவரால் நிலைக்க முடியவில்லை.

மார்த்தாவைச் சபை நீக்கம் செய்த தீர்மானத்தை 1703இல்தான் ரத்து செய்தார்கள். அப்போதும் சிலர் சம்மதிக்கவில்லை.