90இல் ட்ரெய்லர் வால் ஆட்டினால்

களுவாஞ்சிகுடியிலிருந்து மெல்பேர்னுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: வீடு மாற 6 அடிக்கு 4 அடி பெட்டி ட்ரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்தாராம். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. பெருந்தெருவில் 90ஐத் தொட்டதும் பின்னுக்கு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிட்டது. ஹிட்ச் (காரோடு ட்ரெய்லரை இணைக்கும் பகுதி) பழுதா, காற்றா என்பது அவர் கேள்வி.

தம்பி, காற்றைக் குறை சொல்ல முன்னம் பாரம் எங்கே இருந்தது என்று பாருங்க. மட்டக்களப்புப் படுவான்கரையில் மாட்டு வண்டியில் நெல் ஏற்றுறவர்களுக்கு இது கைப்பழக்கம். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும், மாடு இழுக்காது. கார் அப்படி மறுக்காது, அது பேசாமல் இழுத்துக்கொண்டு போகும். அதுதான் ஆபத்து. ஒவ்வொரு ட்ரெய்லருக்கும் ஒரு வேக எல்லை இருக்கு. அதற்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும், மேலே போனால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விடப் பெரிசாகும். பின்பாரம் அந்த எல்லையைக் கீழே இறக்கிவிடும். ஊரில் உழவு மெசின் பெட்டி எப்படி ஏற்றினாலும் ஆடாததற்குக் காரணம் அது 20இல் ஊர்வதுதான்.

காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டையான டோ போலின் மேல் இறங்கும் பாரம், ஏற்றின ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 வீதம் அளவில் இருக்க வேணும். மொத்தம் 600 கிலோ என்றால் 60 கிலோ. இதைக் கண்ணால் மதிக்க ஏலாது, அளக்க வேணும். சமதரையில் காரிலிருந்து கழற்றி, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்க. குளியலறைத் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளிங் (போலைக் கவ்வும் ட்ரெய்லர் மூக்கு) வழமையாக இருக்கும் உயரத்தில் அதன் மேல் இறக்குங்க. ட்ரெய்லரின் முன்னுக்குள்ள சின்னத் தாங்கு சில்லான ஜொக்கி வீலைத் தரையிலிருந்து முழுசாகத் தூக்கினால்தான் சரியான எண் வரும். கூடினாலும் நல்லதில்லை. காரின் பின்பக்கம் அமுங்கி முன் சில்லு லேசாகும், ஸ்டியரிங் பிடிமானம் குறையும், லைட் எதிரே வாறவரின் கண்ணில் அடிக்கும். காரின் பின்னால் பூட்டின இழுவைச் சட்டமான டோ பாரில் உள்ள தகட்டிலும் காரின் கையேட்டிலும் இந்தப் பாரத்துக்கு ஓர் உச்ச அளவு போட்டிருக்கும். பல சின்னக் கார்களுக்கு அது 100 கிலோவுக்கும் குறைவு.

குறைவாகக் காட்டினால் சாமானை நகர்த்துங்க. அச்சிலிருந்து போலுக்கு 2.3 மீற்றர் என்று வைத்தால், 70 கிலோ வோஷிங் மெசினை 1 மீற்றர் முன்னுக்குத் தள்ள 30 கிலோ முன்பாரம் கூடும். மெசின் அச்சுக்குச் சற்று முன்னால், புத்தகப் பெட்டிகள் அதை ஒட்டி, மெத்தை கடைசியில். பாரத்தைப் பாதி முன் முனையிலும் பாதி பின் முனையிலும் பிரித்து வைக்காதீங்க. தராசில் எண் சரியாக வரும், ஆனால் ஆடத் தொடங்கினால் நிற்காது. இன்னொன்று, பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு அவுஸ்திரேலியாவில் 750 கிலோதான் எல்லை. வெறும் பெட்டியே அதில் சுமார் 200 கிலோவைத் தின்றுவிடும்.

இனி ஹிட்ச். இங்கே வழக்கில் உள்ள போல் 50 மில்லிமீற்றர், தலையிலேயே பொறித்திருக்கும். பழைய சாமானாக வாங்கும்போது அமெரிக்க 1⅞ அங்குலப் போல் அகப்படலாம். அது 47.6 மில்லிமீற்றர். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, கப்ளிங்கும் பூட்டின மாதிரியே இருக்கும், ஒரு பள்ளத்தில் விழுந்தால் கழன்றுவிடும். பூட்டினதும் ஜொக்கி வீலைச் சுற்றி ட்ரோபாரை (ட்ரெய்லரின் முன் கம்பியை) மேலே தூக்கிப் பாருங்க. காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு விழுந்திருக்கு. போலின் அடி நட்டையும், போல் பூட்டியிருக்கும் இரும்பு நாக்கான டங்கைப் பிடிக்கும் குறுக்குப் பின்னையும் அதன் கிளிப்பையும் கையால் தொட்டுப் பாருங்க.

உயரமும் முக்கியம். பூட்டின பிறகு ட்ரெய்லர் மட்டமாக, அல்லது மூக்கு ஒரு சொட்டுக் கீழே நிற்க வேணும். மூக்கு மேலே நின்றால் பாரம் பின்னுக்குச் சாயும். வளைவுள்ள டங்கைத் தலைகீழாக மாட்டினாலே பல நேரம் உயரம் சரிவரும், போலைக் கழற்றி மறுபக்கம் பூட்ட வேணும் அவ்வளவுதான். நீளமான டங் வாங்காதீங்க. போல் பின் அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக, ட்ரெய்லர் காரின் வாலைத் தள்ளும் பலம் கூடும். ஆட்டத்தை அடக்கும் கம்பி என்று விற்கும் சாமான்கள் பாரம் சரியாக ஏற்றின பெரிய கரவனுக்கு உதவும். பெட்டி ட்ரெய்லருக்கு அது வீண் காசு.

ஓடும்போது ஆடினால் அக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்க, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்க. பிரேக்கை மிதிக்காதீங்க, ஆட்டத்துக்கு எதிராக வெட்டாதீங்க. வேகம் கூட்டினால் நேராகும் என்று சொல்லுறவர்களை நம்பாதீங்க. அடங்கினதும் ஓரமாக நிறுத்திச் சாமானை மாற்றி ஏற்றுங்க. டயர் காற்றையும் பாருங்க, மெலிந்த டயர் ஆட்டத்தைக் கூட்டும்.

ட்ரெய்லரைக் காரோடு பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலியை, தாங்கும் எடை பொறித்த ஷக்கிளால் (U வடிவ இரும்புக் கொளுவியால்) மட்டும் பூட்டுங்க, ஆமைப் பூட்டு வேண்டாம். திரும்பும்போது இழுபடாத அளவு தளர்வு போதும். முதல் 10 கிலோமீற்றரில் ஒரு தரம் நிறுத்தி இறங்கிப் பாருங்க. சங்கிலியின் அடிக்கண்ணி தரையில் வெள்ளையாக உரசியிருந்தால் ஒரு கண்ணி குறைத்துப் பூட்டுங்க.