“டிசம்பரில் வருவேன்” என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு 24 வயது, சொந்த ஊர் திருச்சி. ஜெர்மனி அரசின் தன்னார்வச் சேவைத் திட்டத்தில் ஒரு வருடத்துக்கு பெர்லின் வந்து, நொய்க்கோல்ன் பகுதியில் ஓர் இளைஞர் மையத்தில் இருக்கிறேன். இங்கே வரும் பிள்ளைகள் பெரும்பாலும் துருக்கிக் குடும்பங்கள். 1961-ல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆலைகளுக்கு ஆள் எடுத்தபோது தொடங்கிய வரவு, இப்போது பேரப்பிள்ளைகள் காலம்.

அதில் ஒருத்தி, 16 வயது. பாட்டி இளம்வயதில் தனியாக இங்கே ஆலை வேலைக்கு வந்தவர். இவள் பிறந்ததே பெர்லினில்தான், ஜெர்மன் குடியுரிமை இருக்கிறது, ஆனாலும் “நீ உண்மையில் எந்த ஊர்?” என்று கேட்காதவர்கள் இல்லை. பத்தாவது முடித்துவிட்டு அவுஸ்பில்டுங் தேடுகிறாள், அதாவது சில நாள் வேலை, சில நாள் பள்ளி என்று போகிற தொழிற்பயிற்சி. டாக்டர் கிளினிக்கில் உதவியாளராக வேண்டும் என்று ஆசை. நானும் அவளும் உட்கார்ந்து 20 விண்ணப்பம் அனுப்பினோம். பதில் வந்தது இரண்டு, இரண்டும் மறுப்பு.

என்னை “அப்லா” என்பாள், துருக்கியில் அக்கா. எங்கள் வீட்டில் நான் கடைக்குட்டி, என்னை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. மையத்தின் விதியை மீறி என் சொந்த நம்பரைக் கொடுத்துவிட்டேன். இப்போது இரவு ஒரு மணிக்கும் செய்தி வருகிறது. ஆகஸ்ட் 31-ல் நான் கிளம்ப வேண்டும். போன மாதம் அவள் அழுதபோது “டிசம்பரில் வருவேன்” என்று சொல்லிவிட்டேன். வர முடியாது மேடம். பணம் இல்லை, விசாவும் முடிகிறது. “போன வருஷ அப்லாவும் இதையேதான் சொன்னாள்” என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

ஒரு வாசகி, பெர்லின்

அன்பு மகளுக்கு,

இந்த வாரமே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். செய்தியில் வேண்டாம், நேரில், நீங்கள் இருவரும் வழக்கமாக உட்காரும் அதே மேசையில். “டிசம்பரில் வருவேன் என்று சொன்னேன், என்னால் வர முடியாது. நீ அழுவதைப் பார்க்க முடியாமல் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது. ஆகஸ்ட் 31 என் கடைசி நாள்.” இவ்வளவு போதும். விசா, பணம் என்று காரணங்களை அடுக்கினால் அவள் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும், அந்தப் பாரத்தை 16 வயதுப் பெண் மேல் வைக்காதீர்கள்.

கோபப்படுவாள். ஒரு வாரம் மையத்துக்கு வராமலும் போகலாம், உங்களுக்கு எதிரிலேயே வேறு யாரிடமாவது ஒட்டிக்கொண்டு உங்களைப் பார்க்காத மாதிரி இருக்கலாம். பின்னால் ஓடாதீர்கள், விலகியும் போகாதீர்கள். அவளுக்கென்று ஒதுக்கிய நாளில் அதே நேரத்தில் அங்கே இருங்கள். வருடத்துக்கு ஓர் அக்கா வந்து, பழகி, ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போவதைத்தான் அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறாள். தேதியைச் சொல்லி, அந்தத் தேதி வரை கூடவே இருந்து, சரியாக விடைபெற்றுப் போகிற ஒருவரை அவள் பார்க்கட்டும்.

நம்பர் விஷயம். மையப் பொறுப்பாளரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர்களுக்கு வேறு வழியில் தெரிவதற்கு முன்னால். திட்டு விழலாம், பரவாயில்லை. அவரிடம் சொல்லப் போகிறீர்கள் என்பதை முதலில் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள், முதுகுக்குப் பின்னால் செய்தது போல் ஆகக் கூடாது. இரவு பத்துக்கு மேல் பதில் வராது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். ஒரு விஷயம் முக்கியம்: அந்த ஒரு மணிச் செய்திகளில் வாழப் பிடிக்கவில்லை, வீட்டில் பயமாக இருக்கிறது என்கிற மாதிரி ஏதாவது இருந்தால் ரகசியம் காப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், அன்றே அங்குள்ள சமூகப் பணியாளரிடம் கொண்டு போங்கள்.

அப்புறம் அந்த 20 விண்ணப்பம். ஜெர்மனியில் ஒரே தகுதியோடு அனுப்பிய விண்ணப்பங்களில் துருக்கிப் பெயர் இருந்தால் அழைப்பு குறைவாக வருகிறது என்பது சோதித்தே பார்த்த விஷயம். இதை அவளிடம் மறைக்க வேண்டாம், தனக்குத் திறமை இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். உங்களுடைய தோல்வியாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெர்லினில் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொழிற்பயிற்சி தேடித் தருவதற்கென்றே யூகென்ட்பெரூஃப்ஸ்அகென்டூர் என்ற அலுவலகம் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறது. மையத்தில் நிரந்தரமாக வேலை பார்க்கும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மூன்று பேருமாகப் போய் வாருங்கள். அடுத்த முறை நீங்கள் போக வேண்டாம், அவர்கள் இருவரும் போகட்டும்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடைக்குட்டியான உங்களுக்கு முதல்முதலாக அக்கா என்ற பெயர் கிடைத்தது அந்தக் குளிர் ஊரில்தான். அதை விட மனசு வரவில்லை, அதனால்தான் வாயில் டிசம்பர் வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவள் அழுததோடு உங்கள் அழுகையும் கலந்திருக்கிறது. அதை அவளிடம் அல்ல, திருச்சியில் இருக்கிற உங்கள் அக்கா, அம்மா யாரிடமாவது போனில் கொட்டுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு மாதம் ஒரு குரல்பதிவு அனுப்ப முடியும் என்றால், மையத்தில் அனுமதி கேட்டு, அதை மட்டும் சொல்லுங்கள். ஆறு மாதம்தான் முடியும் என்று தோன்றினால் ஆறு மாதம் என்றே சொல்லுங்கள்.