டைல்ஸ் போட வேண்டாம், மாமியாரை அனுப்பவும் வேண்டாம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். எனக்கு 39, கணவருக்கு 41. ஒன்றரை ஏக்கர் தேயிலைதான் வருமானம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்திருக்கிறோம். வீட்டாய்வுக்குச் சமூகப் பணியாளர் வரப்போகிறார். பழைய ஓட்டு வீடு, மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஓதம். கடன் வாங்கியாவது டைல்ஸ் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். மாமியாருக்கு இதில் முழு மனசு இல்லை. அன்றைக்கு மட்டும் அவரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வீட்டு விஷயம் சுலபம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

சொந்த வீடு வேண்டும், இத்தனை அறை வேண்டும் என்றெல்லாம் தத்தெடுப்பு விதிகளில் இல்லை. வருகிறவர் பார்ப்பது, இந்த வீட்டில் ஒரு குழந்தை பத்திரமாக வளருமா என்பதைத்தான். டைல்ஸுக்கு வாங்கும் கடன் உங்கள் வரவு செலவுக் கணக்கைத்தான் கெடுக்கும். ஓதத்தின் மேல் பெயின்ட் அடிப்பதும் வீண் செலவு. பின்பக்க வாய்க்காலில் மண் அடைத்திருந்தால் வாரிவிடுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், வெயில் வரும் நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மலை வீட்டில் நான் கவலைப்படுவது வேறு. குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். களைக்கொல்லி, பூச்சிமருந்து டப்பாக்கள் திண்ணைக்கடியில் கிடக்கிறதா? பூட்டுப் போட்ட இடத்துக்கு மாற்றுங்கள். வாசல் படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லையென்றால் ஒரு இரும்புக் குழாயாவது நட்டுவிடுங்கள். டைல்ஸ் காசில் பாதிகூட ஆகாது. ராத்திரி குழந்தைக்கு மூச்சு இரைத்தால் எந்த ஆஸ்பத்திரி, யார் வண்டி என்பதையும் பேசி வையுங்கள். சமவெளியிலிருந்து குளிருக்கு வரும் குழந்தைக்குச் சளி பிடிப்பது சகஜம்.

காகிதங்களில் சிக்கல் பெரும்பாலும் திருமணச் சான்றில்தான் வரும். ஊரில் கல்யாணம் முடித்துப் பதிவு செய்யாமலே விட்டிருந்தால் இப்போதே செய்யுங்கள். மற்றபடி பான் அட்டை, வயது மற்றும் முகவரிச் சான்றுகள், மருத்துவச் சான்று, உங்களை நன்கு அறிந்த இருவரின் கடிதம். பசுந்தேயிலை விலை ஏறி இறங்குவது எல்லாருக்கும் தெரியும். ஃபேக்டரி பணம் வரவாகும் பாஸ்புக்கை அப்படியே காட்டுங்கள், கூட்டிச் சொல்லாதீர்கள். வயதும் பிரச்சினையில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85 வரை இருக்கலாம், உங்களுக்கு 80.

சரி, மாமியார். கணவன் மனைவியிடம் சேர்த்தும் தனித்தனியாகவும் பேசுவார்கள்; வீட்டில் இருக்கும் மற்றவர்களின் மனநிலையையும் அறிக்கையில் எழுத வேண்டும். "அம்மா எங்கே?" என்பது முதல் பத்து நிமிடத்தில் வந்துவிடும். அவரை மறைத்தது தெரிந்தால் மற்ற பதில்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அப்புறம், குழந்தை வந்த பிறகும் இரண்டு வருடங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வருவார்கள். ஒவ்வொரு தடவையும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்புவீர்களா?

தயக்கம் உள்ள பாட்டி இருப்பதால் மட்டும் யாரையும் நிராகரிப்பதில்லை. அந்தத் தயக்கம் எதிலிருந்து வருகிறது என்று உட்கார்ந்து கேளுங்கள். 'யார் பெத்ததோ' என்பதா, நிலம் யாருக்குப் போகும் என்பதா? நிலம் என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள்: ஆட்சியர் தத்து ஆணை கொடுத்ததும் அது சட்டப்படி உங்கள் பிள்ளை, பெற்ற பிள்ளைக்கு உள்ள எல்லா உரிமையும் உண்டு. முன்பு நீதிமன்றம் கொடுத்த இந்த ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியர்தான் கொடுக்கிறார். 'யார் பெத்ததோ' என்பதுதான் தயக்கம் என்றால் சட்டம் பேசிப் பயனில்லை. "விசேஷத்தில் யாராவது 'இது யார் பிள்ளை'ன்னு கேட்டா என்ன சொல்வீங்க அத்தை?" என்று அவரிடமே கேளுங்கள். முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்வார். பரவாயில்லை, ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை' என்று அவர் வாயிலிருந்தே வர வேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்து ஒப்பித்தால், வருகிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

இதோடு சேர்ந்தது, குழந்தையிடம் உண்மையைச் சொல்வது. கண்டிப்பாகக் கேட்பார்கள். ஊரில் நாற்பது வீடு இருந்தால் நாற்பது வீட்டுக்கும் தெரிந்த விஷயம் இது. பைப்படியில் யாரோ சொல்லிக் குழந்தை தெரிந்துகொள்வதற்கு முன், பேச்சு புரியும் வயதிலிருந்தே கதை போல நீங்கள் சொல்லி வர வேண்டும். மாமியாரும் அதே கதையைத்தான் சொல்ல வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் 'கீழே ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தை இருக்கு, காசு கொடுத்தால் முடித்துவிடலாம்' என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து வருடம் வரை சிறை, ஒரு லட்சம் அபராதம். குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

வீட்டாய்வு அறிக்கை மூன்று வருடம் செல்லும். சிறு குழந்தைக்கான காத்திருப்பு அதற்கு மேலும் இழுக்கலாம். காலாவதியாகும் முன்பே புதுப்பிக்கச் சொல்லித் தத்தெடுப்பு ஏஜென்சியில் கேளுங்கள். நடுவில் வீடு மாறினாலோ வருமானம் மாறினாலோ அதையும் உடனே தெரிவியுங்கள்.