தொடக்கத்தில் மூன்று பொருட்கள் போதும்: சருமம், கூந்தல், ஒப்பனை குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரியில் சேர்ந்தவர்கள், முதல் வேலைக்குச் செல்பவர்கள், பிள்ளைகளுக்காகக் கேட்கும் தாய்மார்கள் என இம்முறை எழுதியவர்களில் பெரும்பாலோர், பராமரிப்பை எங்கிருந்து தொடங்குவது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அடிப்படைகளுக்கே ஒதுக்குகிறேன்.

விடுதியில் என் தோழிகள் டோனர், சீரம், ஐ கிரீம் என்று ஏழெட்டுப் பொருட்களை வரிசையாகப் பூசுகிறார்கள். என்னால் அவ்வளவு செலவு செய்ய இயலாது. குறைந்தபட்சம் எவை தேவை? எந்த வரிசையில் பூச வேண்டும்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

மிதமான ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றும் போதும். இவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தாமல் வேறு எதை வாங்கினாலும் அந்தப் பணம் பெரும்பாலும் வீண்தான். தோலின் மேலடுக்கில் உள்ள தட்டையான இறந்த செல்களும், அவற்றுக்கிடையே நிறைந்திருக்கும் கொழுப்பும் சேர்ந்துதான் உடலின் நீர் வெளியேறாமலும் கிருமிகள் உள்ளே புகாமலும் காக்கின்றன. அந்த அடுக்கு இலேசான அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. குளியல் சோப்புக் கட்டிகளில் பலவற்றின் பிஎச் 9 முதல் 10 வரை இருப்பதால், அதை முகத்தில் நாள்தோறும் பலமுறை தேய்க்கும்போது அந்தக் கொழுப்பு குறைந்து, தோல் வறண்டு எரியத் தொடங்குகிறது. முகம் கழுவியபின் தோல் இழுத்துப் பிடித்தால் நன்றாகச் சுத்தமாகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தேவைக்கு மேல் கழுவிவிட்டோம் என்பதைத்தான் அது காட்டுகிறது.

காலையில் முகம் கழுவி, ஈரம் முழுவதும் காய்வதற்கு முன்பே மாய்ஸ்சரைசர் பூசி, கடைசியாக சன்ஸ்கிரீன் பூசுங்கள். இரவில் சன்ஸ்கிரீனும் தூசியும் போகக் கழுவிவிட்டு மாய்ஸ்சரைசர் மட்டும் பூசினால் போதும். எண்ணெய் வழியும் முகத்துக்கும் மாய்ஸ்சரைசர் தேவை. எண்ணெய்ச் சருமம் உடையவர்கள் ஜெல் வகையையும், வறண்ட சருமம் உடையவர்கள் கிளிசரின் அல்லது செராமைடு (தோலிலேயே உள்ள ஒரு வகைக் கொழுப்பு) சேர்ந்த கிரீம் வகையையும் தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் பயத்தம் மாவு போட்டுக் கழுவும் வழக்கம் இருந்தால் அதை விட வேண்டியதில்லை. நன்றாகச் சலித்த மாவைக் குழைத்துத் தடவிக் கழுவ வேண்டுமே தவிர, அழுத்தித் தேய்க்கக் கூடாது.

புதிய பொருட்களை ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒவ்வொன்றையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாட்கள் பூசிப் பார்த்து, அரிப்போ தடிப்போ வராவிட்டால் முகத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதால், ஒரு பொருள் பயன் தருகிறதா என்பதை நான்கு வாரங்களுக்கு முன்பு சொல்ல முடியாது. உங்கள் தோழிகள் வாரத்துக்கு ஒரு சீரம் மாற்றுவார்களானால், எது பலன் தந்தது, எது கெடுத்தது என்பதை அவர்களால் ஒருபோதும் கண்டறிய இயலாது.

நான் மாநிறம். தினமும் இருசக்கர வண்டியில் பள்ளிக்குச் செல்கிறேன். கருமையான சருமத்துக்கும் சன்ஸ்கிரீன் வேண்டுமா? பூசினால் முகம் வெளிறிச் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடுகிறது.
– ஆசிரியை, வேலூர்

வேண்டும். நம் சருமத்தில் மெலனின் நிறமி மிகுதியாக இருப்பதால் வெயிலில் தோல் சிவந்து வெந்துபோவது குறைவு. ஆனால் அதே மெலனின்தான் மங்காகவும் (கன்னத்திலும் நெற்றியிலும் படரும் பழுப்புத் திட்டு), பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கருந்தழும்பாகவும் நம்மிடம் அழுத்தமாக வெளிப்படுகிறது. ஆகவே இந்தப் பகுதியில் வெயிலில் செல்பவர்களுக்கு, கரும்புள்ளி வந்தபின் பூசும் எந்தக் கிரீமை விடவும் வருமுன் பூசும் சன்ஸ்கிரீனே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

எஸ்.பி.எஃப். எண், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் தோலைச் சுடும் யுவிபி வகையிடமிருந்து கிடைக்கும் காப்பைச் சொல்கிறது. எஸ்.பி.எஃப். 30 அக்கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டையும், எஸ்.பி.எஃப். 50 சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கின்றன. ஆகவே எண்ணைத் துரத்துவதைவிடப் பூசும் அளவில் கவனம் செலுத்துவதே நல்லது. ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் இந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நம்மில் பலர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறத்தாழச் சரியாக இருக்கும். கருமைக்கும் சுருக்கத்துக்கும் காரணமாகும் யுவிஏ கதிர்கள் சன்னல் கண்ணாடியையும் கடந்து வருபவை. எனவே உறையில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்ற குறிப்போ, பிஏ என்பதை அடுத்து மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். தொடர்ந்து வெயிலில் இருப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். வகுப்பறைக்குள் இருக்கும் உங்களுக்குக் காலையில் ஒருமுறையும், மாலையில் வண்டியை எடுக்கும் முன் ஒருமுறையும் போதும்.

வெளிறிப்போவதற்குப் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடுமே காரணம். அவை இல்லாத ஜெல் வகையை வாங்கலாம். அல்லது இரும்பு ஆக்சைடு கலந்து பழுப்பு நிறத்தில் வரும் ‘டின்டட்’ சன்ஸ்கிரீனை வாங்கலாம். மங்கு உள்ளவர்களுக்கு இரண்டாவது வகையே சிறந்தது. ஏனெனில் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் மங்கை அதிகரிக்கச் செய்கிறது. அந்த ஒளியைத் தடுக்கும் ஆற்றல் இரும்பு ஆக்சைடுக்கு உண்டு.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சிவப்பழகுக் கிரீமை ஓராண்டாகப் பூசினேன். முதல் மாதத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது, பருக்கள் கொப்பளிக்கின்றன. மீண்டும் பூசினால் அடங்கிவிடுகிறது. என்ன செய்வது?
– இல்லத்தரசி, மதுரை

உங்கள் கடிதத்தைப் போல ஒவ்வொரு மாதமும் கடிதங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் என்னை வருத்தமடையச் செய்கிறது. அந்தக் குழாயின் மேல் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் ஆகிய பெயர்களில் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள். இவற்றுள் மொமெட்டாசோனை ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் ஆகியவற்றோடு கலந்த மருந்து, மங்குக்காக மருத்துவரின் கண்காணிப்பில் சில வாரங்கள் மட்டும் பயன்படுத்த வேண்டியது. அதையே சிவப்பழகுக் கிரீம் என்று சொல்லி விற்கிறார்கள்.

ஸ்டீராய்டு இரத்த நாளங்களைச் சுருக்கி, அழற்சியை அடக்கி, நிறமி உருவாவதையும் குறைப்பதால் முதல் சில வாரங்களில் முகம் வெளுத்துத் தெரியும். மாதங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிந்து, சிவந்த நாளங்கள் வெளியே தெரிந்து, பருக்களும் பூனைமுடியும் வந்து, வெயில் பட்டாலே எரியத் தொடங்கும். நிறுத்தியதும் அடக்கி வைத்த அழற்சி முழு வேகத்தில் திரும்புகிறது. அதற்கு அஞ்சி மீண்டும் பூசுகிறார்கள். ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம் என்றே இதற்கு நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு இத்தகைய பூச்சு மருந்துகள் பலவற்றை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தரும் கடைகள் இன்றும் இருக்கின்றன.

ஓராண்டு பூசியதைத் திடீரென நிறுத்தினால் எரிச்சல் கடுமையாக இருக்கும். எனவே அந்தக் குழாயையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். வீரியத்தைப் படிப்படியாகக் குறைத்து அவர் நிறுத்தச் செய்வார், தேவையான மாற்று மருந்தும் தருவார். அதுவரை நறுமணம் கலக்காத மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் போதும். ஃபேஷியல், பிளீச், ஸ்கிரப் எதுவும் வேண்டாம். முகம் தேற மாதங்கள் ஆகும். பொறுமையாக இருந்தால் பெருமளவு தேறும்.

தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத டப்பாக்களில் வரும் வெண்மைக் கிரீம்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவற்றில் பாதரசம் இருக்கக்கூடும். அது தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புறம் பகுதியில், இத்தகைய கிரீம்களைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது கண்டறியப்பட்டது. பிறவி நிறத்தை நிலையாக மாற்றும் கிரீம் எதுவும் இல்லை. அந்த நிறம் நோயும் அன்று. பெண் பார்க்க வருபவர்களுக்காக அதை மாற்ற வேண்டும் என்று பெண்ணிடம் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பருவுக்கு எலுமிச்சைச் சாறும் பற்பசையும் வைக்கலாமா?
– மாணவர், திருநெல்வேலி

இரண்டும் வேண்டாம். பற்பசை தோலை எரித்துக் காயவைக்கும். எலுமிச்சைச் சாறு கடும் அமிலம் என்பதோடு, அது பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்திட்டும் வரக்கூடும். 2.5 விழுக்காடு பென்சாயில் பெராக்சைடு ஜெல்லை இரவில் மெல்லியதாகப் பூசுங்கள். தலையணை உறையில் பட்டால் சாயம் போகும் என்பதால் வெள்ளை உறையைப் பயன்படுத்துங்கள். பலன் தெரிய எட்டு வாரங்களாவது ஆகும். பருவைக் கிள்ளினால் அழற்சி ஆழமாகித் தழும்பு நிற்கும். பெரிய கட்டிகளாக வந்து வலித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தலையில் பொடுகு உதிர்கிறது. எண்ணெய் வைக்காததால்தான் என்று அம்மா சொல்கிறார். எண்ணெய் வைத்தால் இன்னும் அதிகமாகிறது.
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

உங்கள் அம்மா முடியைப் பற்றிச் சொன்னால் சரி. பொடுகைப் பற்றிச் சொன்னால் சரியில்லை. எல்லோர் தலையிலும் வாழும் மலசேசியா என்ற பூஞ்சை, தலைத்தோலின் எண்ணெயை உண்டு வெளியிடும் பொருட்களே பொடுகு வருவதற்கு முக்கியக் காரணம். எண்ணெயை வேரில் ஊறவிட்டால் அதற்கு உணவு கூடுகிறது. செதில்கள் எண்ணெயில் ஒட்டிக்கொள்வதால் சில மணி நேரம் குறைந்ததுபோல் தெரியும், அவ்வளவுதான். 2 விழுக்காடு கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை தலைத்தோலில் தடவி, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். நான்கு வாரங்களில் அடங்கியபின் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போதும். முற்றிலும் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும்.

தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. ஆகவே நீளமான கூந்தல் உடையவர்கள் தலைக்குக் குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு, வேரைத் தவிர்த்து முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவுவது நல்லது. சீயக்காயின் நுரை அழுக்கை நீக்கும் என்றாலும் பொடுகுக்கு அது மருந்தாகாது. கொரகொரப்பான தூளாக இருந்தால் முடியையும் உராயும்.

டெங்கு வந்து மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி உதிர்கிறது.
– வாசகி, சென்னை

கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் இப்படி உதிர்வது வழக்கம். சில மாதங்களில் தானே நின்று, முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வீதம் வளரும். ஆறு மாதங்களுக்குப் பிறகும் நிற்காவிட்டால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். முடிக்காகப் பலர் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை தைராய்டு பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், அதைச் சாப்பிட்டு வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வரவேற்பாளர் வேலையில் சேர்ந்திருக்கிறேன். ஃபவுண்டேஷன் போட்டால் முகம் ஒரு நிறமாகவும் கழுத்து ஒரு நிறமாகவும் தெரிகிறது.
– வாசகி, நாகர்கோவில்

கடையில் புறங்கையில் பூசிப் பார்த்து வாங்கியிருப்பீர்கள். தாடையோரத்தில் இரண்டு மூன்று நிறங்களைக் கோடாக இழுத்து, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பல ஃபவுண்டேஷன்கள் பூசிய சிறிது நேரத்தில் கருக்கும் என்பதால் கால்மணி நேரம் பொறுத்து, எந்தக் கோடு கழுத்தோடு கலந்து மறைகிறதோ அதையே வாங்குங்கள். நம் சருமத்தில் பெரும்பாலும் மஞ்சள் அல்லது பொன்னிறச் சாயல் இருக்கிறது. இளஞ்சிவப்புச் சாயல் உள்ளதைப் பூசினால் முகம் சாம்பல் நிறமாகிவிடும். நம் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பானதாக வாங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

தினமும் வேலைக்குச் செல்ல முழு ஃபவுண்டேஷன் தேவையே இல்லை. சன்ஸ்கிரீன் படிந்தபின், கருவளையத்திலும் தழும்பிலும் மட்டும் கன்சீலரை விரலால் ஒற்றி, மேலே சிறிது காம்பாக்ட், கண்மை, உதட்டுச்சாயம் என்று நிறுத்திக்கொண்டால் எட்டு மணி நேரம் கௌரவமாக இருக்கும். மஸ்காராவைத் திறந்த மூன்று மாதத்தில் மாற்றுங்கள்; கண்மையைத் தங்கையோடுகூடப் பகிராதீர்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஒப்பனையோடு உறங்கக் கூடாது.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறது. பீர்க்கங்கூடு, எலுமிச்சை எல்லாம் வைத்துத் தேய்த்தும் போகவில்லை.
– தாய், நாமக்கல்

அது பெரும்பாலும் அழுக்காக இருக்காது, அம்மா. கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து வெல்வெட்டுப்போல் தடிப்பது, உடலில் இன்சுலின் சரிவரச் செயல்படாததைத் தெரிவிக்கும் அடையாளமாகப் பெரும்பாலும் இருக்கிறது. எடை கூடிய பிள்ளைகளிடம் இது அதிகம் காணப்படுகிறது. தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடித்துக் கறுக்கும் என்பதால் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள்; சரியாகக் குளிப்பதில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதையும் நிறுத்துங்கள். குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவு) பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். மாதவிடாய் முறை தவறி வந்தால் அதையும் சொல்லுங்கள். இனிப்புப் பானங்களைக் குறைத்து, தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட விட்டால், எடை சீராகும்போது கருமையும் மெல்லக் குறையும். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். இடையில் வெளுக்கும் கிரீம் எதையும் கழுத்தில் பூசாதீர்கள்.