‘நானும் வரட்டுமா?’ என்று கேட்டவர்

கேள்வி: எனக்கு 45 வயது. எங்கள் பகுதிக் குளத்தையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் பராமரிக்கும் தன்னார்வக் குழுவில் மூன்று வருடங்களாக இருக்கிறேன். ஞாயிறு காலை 6 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். தொடங்கியபோது 40 பேர் இருந்தோம், இப்போது 9 பேர்தான். போன வருடம் 300 கன்றுகள் நட்டோம், பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. இங்கே யாருக்கும் அக்கறை இல்லை. “ஊருக்கு உழைக்கிறீர்கள், வீட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை” என்று மனைவி சண்டை போடுகிறார். மகன் கைபேசியை விட்டு எழுவதில்லை. இதே பகுதியில் பிறந்து வளர்ந்து, நிலத்தில் வேலை செய்த என் அப்பாவுக்கு 74 வயது, மூட்டுவலி. அவர்கூட ஒருமுறை “நானும் வரட்டுமா” என்று கேட்டார். வயதானவரை வைத்துக்கொண்டு வேலை நடக்காது என்று விட்டுவிட்டேன். இந்தச் சேவையின் அருமையை மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது? விட்டுப்போனவர்களை எப்படித் திரும்ப அழைப்பது?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் என் கண் ஒரே இடத்தில்தான் நின்றது. மனைவியின் சண்டையும் மகனின் கைபேசியும் எனக்குப் புதிதில்லை, அப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய வருகின்றன. “நானும் வரட்டுமா” என்ற இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

யாருக்கும் அக்கறை இல்லை என்று எழுதுகிறீர்கள். அடுத்த நாலைந்து வரிக்குள், ஒருவர் தானாக வந்து கேட்டதையும் அவரை நீங்கள் தட்டிக்கழித்ததையும் எழுதுகிறீர்கள். இரண்டும் ஒரே கடிதத்தில் இருப்பது உங்களுக்கு உறைக்கவே இல்லை. மூன்று வருடத்தில் உங்கள் வீட்டிலிருந்து அந்தக் குளத்துக்கு வருகிறேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். ‘விட்டுவிட்டேன்’ என்கிறீர்களே, எதை விட்டீர்கள்? அவர் கேட்டதற்கு ஒரு பதிலாவது சொன்னீர்களா, இல்லை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்களா?

சின்ன வயதில் நீங்கள் அவரிடம் எத்தனை தடவை இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள்! உங்களைக் கூட்டிப்போனால் அவருடைய வேலையும்தான் கெட்டிருக்கும். பாதி வழியில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்திருப்பீர்கள், தூக்கிக்கொண்டு நடந்திருப்பார். 74 வயதில் அந்த மனிதர் மகனிடம் அனுமதி கேட்கும் நிலைக்கு வந்து, தயங்கித் தயங்கித்தான் அதைக் கேட்டிருப்பார். பெற்றவரை வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு ஊர்க் குளத்துக்குப் பிள்ளையாக இருப்பதை என்னால் சேவை என்று சொல்ல முடியவில்லை. இது பழைய காலத்துப் பேச்சு என்று நீங்கள் நினைத்தாலும் சரி. எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

பாசத்தை ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் குளத்தின் கணக்கில் பார்த்தாலும் நீங்கள் செய்தது பெரிய தவறு.

டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 1995-ல் ஒரு கருத்தைச் சொன்னார். மீன்வளத்தை ஆராய்கிற ஒவ்வொரு தலைமுறையும், தான் வேலைக்கு வந்தபோது கடலில் எவ்வளவு மீன் இருந்ததோ அதையே இயல்பான அளவு என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த தலைமுறை வரும்போது அது இன்னும் குறைந்திருக்கும், அவர்களுக்கு அதுவே இயல்பாகத் தெரியும். இப்படிப் படிப்படியாக இழந்துகொண்டே போவோம், எவ்வளவு இழந்தோம் என்று யாருக்கும் தெரியாது. கடலுக்குச் சொன்னது குளத்துக்கும் பொருந்தும். நீங்கள் பார்த்த குளம் நீங்கள் பிறந்த பிறகு இருந்த குளம். அதற்கு முன்னால் தண்ணீர் எதுவரை ஏறி நின்றது, எந்தப் பக்கமாக உள்ளே வந்தது, எந்தப் பறவை எந்த மாதத்தில் வந்து இறங்கியது, கரையில் எந்த மரம் தானாக முளைத்தது என்பதெல்லாம் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். குளத்துக்குள் கிடக்கும் குப்பையை அள்ளுவது அவசியம்தான். ஆனால் தண்ணீர் வரும் வழி அடைபட்டிருந்தால் நீங்கள் சுத்தம் செய்து வைப்பது வெறும் பள்ளம். அந்த வழி எங்கே இருந்தது என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, உங்கள் ஒன்பது பேரும் குனிந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த 300 கன்றுகள். பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன என்று ஏதோ வெயிலின் குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். எத்தனை காய்ந்தன என்ற கணக்குகூடக் கடிதத்தில் இல்லை, நட்ட கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கிறது. நடுகிற அன்று நாற்பது பேர் வருவார்கள், படம் எடுப்பார்கள். மறுநாளிலிருந்து அந்தக் கன்றுக்கு யார்? முதல் இரண்டு கோடையைத் தாண்டும்வரை அது கைக்குழந்தை மாதிரி. பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுக்காமல் அப்படியே குழிக்குள் வைத்துவிட்டால் வேர் உள்ளேயே சுருண்டு சுருண்டு செத்துப்போகும். பையை எடுக்கும்போது வேரைச் சுற்றியுள்ள தாய்மண் உடைந்தாலும் வேர் அடிபடும். தண்டை மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்தால் அழுகும். சுற்றி முளைக்கும் களை, ஊற்றுகிற தண்ணீரில் பாதியைக் குடித்துவிடும். காய்ந்த இலையையும் சருகையும் மூடாக்காகப் போட்டால் ஈரம் நாலு நாள் கூட நிற்கும், ஆனால் அதைத் தண்டோடு ஒட்டிக் குவிக்கக் கூடாது. தினமும் கொஞ்சம் தெளித்துவிட்டு வருவதைவிட, நாள் விட்டு ஊறும்படி ஊற்றினால்தான் வேர் கீழே இறங்கும். நிலத்தில் வேலை செய்த மனிதருக்கு இதெல்லாம் கை பழகிய விஷயம். அவர் அன்று வந்து நின்றிருந்தால், ஒரு குழியைப் பார்த்ததுமே “இது ஆகாதுப்பா” என்று சொல்லியிருப்பார். மூட்டுவலி அவருடைய முழங்காலில்தான் இருக்கிறது.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-ல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியபோது, கிராமத்துப் பெண்களால் மரம் வளர்க்க முடியாது, அதற்கு வனவியல் படித்திருக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். நிலத்திலேயே உழைத்து வாழ்ந்த பெண்கள் அவர்கள். தங்களுக்குத் தெரிந்ததை வைத்து விதை பொறுக்கினார்கள், நாற்று வளர்த்தார்கள், நட்டார்கள். நட்டதற்காக அவர்களுக்குப் பணம் கிடைக்கவில்லை, பிழைத்து நின்ற கன்றுக்குத்தான் சிறு தொகை. அந்த இயக்கம் 5 கோடிக்கும் மேல் மரங்களை வளர்த்திருக்கிறது. 2004-ல் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ‘இவர்களால் என்ன முடியும்’ என்று அன்று அந்த அதிகாரிகள் சொன்னதைத்தான் நீங்கள் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள்.

வேலை நடக்காது என்கிறீர்களே, எதை வேலை என்கிறீர்கள்? மண்வெட்டி பிடிப்பதையும் சாக்கு தூக்குவதையும் மட்டும்தானே? 1900-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் ஒரு யோசனை சொன்னார். கிறிஸ்துமஸ் நாளில் துப்பாக்கியோடு போய் யார் அதிகம் பறவைகளைச் சுடுவது என்று போட்டி போடும் வழக்கம் அப்போது இருந்தது. அதை விட்டுவிட்டுப் பறவைகளை எண்ணுங்கள் என்றார். முதல் வருடம் வந்தவர்கள் 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை வருடந்தோறும் நடக்கிறது, எந்தப் பறவை குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் அதையும் வைத்துத்தான் பார்க்கிறார்கள். செய்ததெல்லாம் பார்த்ததும் எண்ணியதும் எழுதியதும்தான். உங்கள் குளத்தில் இந்த மூன்று வருடத்தில் தண்ணீர் மட்டம் என்ன ஆனது, எத்தனை கன்று பிழைத்தது, எந்தப் பறவை வந்தது என்று எழுதிய நோட்டு ஒன்று உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் கடிதத்தில் சொல்லியிருப்பீர்கள். விதை பொறுக்கிப் பிரித்து வைப்பது, நாற்றுப் பைகளில் மண் நிரப்புவது, நோட்டு எழுதுவது எல்லாம் உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை. உங்கள் குழுவில் அதற்கு ஆள் இல்லை. அதற்கான ஆளைத்தான் நீங்கள் வேண்டாம் என்றீர்கள்.

இப்போது விட்டுப்போன 31 பேருக்கு வருகிறேன். அவர்களில் எத்தனை பேரிடம் ‘ஏன் வருவதில்லை’ என்று நேரில் போய்க் கேட்டீர்கள்? ஒருவரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் காரணத்தை நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்: அக்கறை இல்லை. காலை 6 மணி முதல் மதியம் வரை, வாரம் தவறாமல், ஞாயிற்றுக்கிழமையில். இப்படி ஒரு வேலையை வகுத்தால் யாரால் வர முடியும்? உடம்பில் வலு இருப்பவரால் முடியும். அதோடு, வீட்டில் குழந்தையையும் முதியவரையும் அடுப்பையும் பார்த்துக்கொள்ள வேறொருவர் இருக்க வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண் வர முடியாது. இடுப்புவலிக்காரர் வர முடியாது. உங்கள் அப்பா வர முடியாது. நாற்பது பேர் ஒன்பது ஆனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த ஒன்பது பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அரை மணி நேரம் வந்து பத்துக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகவும் ஓர் இடம் வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஐந்து கன்று என்று ஒப்படையுங்கள், எந்த நாளில் எந்த நேரத்தில் ஊற்றுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். வருவார்கள், எல்லோரும் இல்லாவிட்டாலும் சிலர்.

உங்கள் மனைவிக்கு எதையும் ‘புரியவைக்க’ வேண்டாம். அவருக்கு எல்லாம் நன்றாகவே புரிந்திருக்கிறது. நீங்கள் குளத்தில் இருக்கும் அந்த ஏழு மணி நேரமும் உங்கள் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், கூடவே இருப்பதும், மகனோடு மல்லுக்கட்டுவதும் அவர்தான். அந்தக் குளத்துக்கு அவரும் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துவந்திருக்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. நீங்கள் வேலை செய்வது அவருக்குக் குறையில்லை. ஊரார் முன்னால் முகம் மலர்ந்து சேறு அள்ளுகிற மனிதர் வீட்டுக்கு வந்ததும் களைப்பாக இருக்கிறது என்று படுத்துக்கொள்வதுதான் குறை. மாதத்தில் இரண்டு ஞாயிறு குளத்துக்கு, இரண்டு ஞாயிறு வீட்டுக்கு என்று வையுங்கள். வீட்டு ஞாயிற்றில் அவர் வெளியே போகட்டும், நீங்கள் வீட்டைப் பாருங்கள். உங்கள் குழுவிலும் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், மற்ற எட்டுப் பேர் வீட்டிலும் இதே சண்டை நடந்துகொண்டிருக்கும்.

மகனைப் பற்றிப் பெரிதாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை. தாத்தா கேட்டதற்கு அப்பா என்ன செய்தார் என்பதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான். நோட்டு எழுதவும் பறவையைப் படம் பிடித்து அடையாளம் காணவும் தாத்தாவுக்கு ஒரு ஆள் தேவைப்படும். அவரே கேட்டுக்கொள்ளட்டும், நீங்கள் நடுவில் போகாதீர்கள்.

சரி, முதலில் செய்ய வேண்டியது இது. இன்று மாலை அப்பா பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘உங்களுக்கும் பொழுதுபோகும், வாருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது இரக்கப்பட்டுக் கூப்பிடுவது. போன வருடம் நட்ட கன்றுகள் ஏன் காய்ந்தன என்று தெரியவில்லை, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாது, அதனால் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. “வேண்டாம்ப்பா, உனக்கு எதற்குச் சிரமம்” என்பார். ஒருமுறை கேட்டு அடிபட்டவர் அப்படித்தான் சொல்வார், அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். மறுபடி கேளுங்கள். அன்று கேட்டபோது பதில் சொல்லாமல் போனது தப்பு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவரை வண்டியில் கூட்டிப்போங்கள், 6 மணிக்கு வேண்டாம், அவர் எழுந்து நிதானமாகக் கிளம்பும் நேரத்துக்கு. கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், மூட்டுவலிக்காரருக்கு எழுந்திருக்க அது உதவும். அதை நிழலில் போடுங்கள், தண்ணீரும் கன்றுகளும் கண்ணுக்குத் தெரிகிற நிழலாகப் பார்த்து.