பிளஸ் ஒன்னில் கேம் படிக்கலாமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். கம்ப்யூட்டர் கேம் செய்யும் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் அப்படியொரு பாடமே இல்லை. டவுனில் தனியாகச் சொல்லித் தருகிறார்களாம். அதற்குப் பணம் கட்ட எங்களுக்கு வழியில்லை. வீட்டில் இருப்பது அவன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப் ஒன்றுதான். எந்த குரூப்பில் சேர்ப்பது? இல்லை, ஆசையை விட்டுவிடச் சொல்லிவிடவா?

ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடச் சொல்லாதீர்கள். கடன் வாங்கிப் பணமும் கட்டாதீர்கள். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் உள்ள குரூப்பில் சேர்த்துவிடுங்கள். கேம் என்ற பெயரில் பாடம் இல்லையே தவிர, அதற்கு வேண்டியது அந்தப் புத்தகங்களில் சிதறிக் கிடக்கிறது. கணினி அறிவியலில் பிளஸ் ஒன்னுக்கு சி++, பிளஸ் டூவுக்கு பைத்தான். இரண்டும் கணினிக்குக் கட்டளை எழுதும் மொழிகள். பிளஸ் ஒன் இயற்பியலில் எறிபொருள் இயக்கம் வரும். சாய்வாக எறிந்த கல் எந்த வளைவில் போய் எங்கே விழும் என்ற கணக்கு. திரையில் ஒரு பொம்மை எம்பிக் குதிப்பதும் அதே கணக்குத்தான். கணிதத்தில் வெக்டரும் அணிகளும் இருக்கின்றன. மதிப்பெண்ணுக்காக மட்டும் அவற்றைப் படித்துக் கடந்துவிட வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள்.

பைத்தானுக்குப் பிளஸ் டூ வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த விடுமுறையிலேயே பல்லாங்குழியை எழுதிப் பார்க்கட்டும்.

பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14. பைத்தானில் அது 14 எண்கள் உள்ள ஒரு பட்டியல். குழிக்கு ஐந்து முத்து என்றால் எல்லாமே 5. எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால் கடைசிக் குழியின் எண் 13. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். சரி, 13-க்கு அப்புறம்? நம் கை தானாகச் சுற்றி வந்துவிடும். கணினிக்கு அது தெரியாது. 14 என்ற குழியைத் தேடி, இல்லையென்று பிழை காட்டி நின்றுவிடும். 14-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 0. அந்த மீதியையே குழி எண்ணாக வைத்தால் ஆட்டம் முதல் குழிக்கு வந்து சேரும். சின்ன வகுப்பில் படித்த மீதிதான். அது பலகையைச் சுற்றவைக்கும்போது ஒரு பிள்ளையின் முகம் மலர்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னது நிரல், அதாவது கணினிக்கு எழுதும் கட்டளைகள். வடிவமைப்பு இனிமேல்தான். குழிக்கு எத்தனை முத்து, நான்கு சேர்ந்தால் 'பசு' என்று யார் எடுப்பது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். 5-ஐ 6 ஆக்கி ஆடிப் பார்க்கட்டும். ஆட்டம் இழுக்கிறதா? ஒருவரே அள்ளிக்கொண்டு போகிறாரா? அப்புறம் அதைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டுச் சிறுமியிடமோ கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்காரட்டும். எதை அழுத்துவது என்று தெரியாமல் அவர் கை எங்கே தயங்குகிறதோ, அங்கே இவன் செய்ததில் கோளாறு இருக்கிறது. பேசாமல் பார்ப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி.

பழைய லேப்டாப் பைத்தானுக்குத் தாராளம். பின்னால் நல்ல கணினி கிடைத்தால் கேம் செய்வதற்கென்றே உள்ள கோடோ (Godot) என்ற மென்பொருளுக்குப் போகலாம், அதுவும் இலவசம். கல்லூரியில் கணினி சார்ந்த எந்தப் பட்டமும் பரவாயில்லை. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், பெங்களூரில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் கேம் வடிவமைப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

நீங்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேம் விளையாடும் ஆசையும் கேம் செய்யும் ஆசையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிழை வந்து எரிச்சலோடு மூடிவைத்த லேப்டாப்பை மறுநாள் அவனாகவே திறக்கிறானா என்று பாருங்கள். திறந்தால், பல்லாங்குழி முடிந்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஊர் விதி எது என்பதையும் எழுதட்டும், ஆடிப் பார்க்கிறேன்.