ஃபுல் த்ராட்டில்ல வேகம் சாகுதா? பிஸ்டனைத் தொடுறதுக்கு முன்னாடி ஹோஸைப் பாருங்க

குளச்சல் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. 9.9 எச்பி, ரெண்டு சிலிண்டர், மண்ணெண்ணெய்ல ஓடுற பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது போட்டுக்குப் பின்னாடி மாட்டுற எஞ்சின். ரெண்டு இழுப்புல ஸ்டார்ட் ஆகுது, மெதுவா ஓட்டுனா ஒரு குறையும் இல்ல, ஆனா ஃபுல் த்ராட்டில் குடுத்து அஞ்சு பத்து நிமிஷம் போனதும் வேகம் செத்துடுது, கொஞ்சம் குறைச்சு ஓட்டிட்டு திரும்ப குடுத்தா ஒரு நிமிஷம் நல்லா இழுக்குது, அப்புறம் பழைய கதைதான். கார்புரேட்டரை ரெண்டு தடவ கழட்டி க்ளீன் பண்ணியாச்சு, ப்ளக் புதுசு. இனி பிஸ்டன் செட் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாராம், மாத்தலாமா?

இப்ப மாத்தாதீங்க தம்பி. பிஸ்டன் ரிங் தேஞ்ச எஞ்சின் ஒரு நிமிஷம் ரெஸ்ட் குடுத்தா தேறி வராது, காலைல முதல் இழுப்புல இருந்தே அதோட நோவு தெரியும். உங்க எஞ்சின் குறைச்சு ஓட்டுனா தேறுது, அதுதான் இங்க முக்கியமான துப்பு. கார்புரேட்டர் அடியில ஒரு சின்ன கிண்ணம் இருக்குல்ல, ஃபுல் த்ராட்டில்ல எஞ்சின் குடிக்கிற வேகத்துக்கு எண்ணெய் வந்து சேரலன்னா அந்த கிண்ணம் காலியாகும், குறைச்சா மறுபடி நிறையும். அதனால எனக்கு முதல் சந்தேகம் டேங்க்ல இருந்து கார்புரேட்டர் வர்ற வழி மேலதான்.

இத ட்ரம்ல தண்ணி ஊத்தி எஞ்சினை மாட்டி கண்டுபிடிக்க முடியாது, அங்க லோடே கிடையாது, வெறுமனே ரெவ் பண்ணி "நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. கடல்ல ரெண்டு பேரா போங்க. ஒருத்தர் ஓட்டட்டும், இன்னொருத்தர் ஹோஸ் நடுவுல இருக்குற ரப்பர் பல்ப் பக்கத்துல உக்காரட்டும். வேகம் விழ ஆரம்பிச்ச உடனே பல்பை நாலஞ்சு தடவ அமுக்குங்க. அமுக்குனதும் எஞ்சின் உயிர் வந்து இழுத்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது.

அமுக்குறதுக்கு முன்னாடி பல்ப் எப்படி இருந்துச்சுன்னு தொட்டுப் பாக்கணும், அதுதான் மீதி பாதி. தட்டையா ஒட்டிப் போயிருந்தா அடைப்பு பல்புக்கும் டேங்குக்கும் நடுவுல. டேங்க் மூடியில காத்து போற திருகு திறந்திருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, இதுக்காக எஞ்சினைத் தோள்ல தூக்கிட்டு வந்தவங்கள நான் பாத்திருக்கேன். அந்தத் திருகு மூடியிருந்தா டேங்க்ல வெற்றிடம் சேர சில நிமிஷம் ஆகும், உங்க "அஞ்சு பத்து நிமிஷம்" அதோட நல்லாவே பொருந்துது. அடுத்தது டேங்க் உள்ள எண்ணெய் உறிஞ்சுற குழாயோட வலை.

பல்ப் ஒட்டாம தொளதொளன்னு இருந்தா எங்கயோ காத்து இழுக்குது. இதுதான் ஏமாத்துற கேஸ், ஏன்னா இந்த பக்கம் பூரா எஞ்சின் உறிஞ்சுற பக்கம், ஓட்டை இருந்தா எண்ணெய் வெளிய ஒழுகாது, காத்து உள்ள போகும், வெளிய பாத்தா எல்லாம் காஞ்சு சுத்தமா இருக்கும். கார்புரேட்டர் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு உள்ள தெரியுற ப்ளாஸ்டிக் ட்யூப் மாட்டி ஓட்டிப் பாருங்க, குமிழி குமிழியா வர்றது கண்ணுக்கே தெரியும். மண்ணெண்ணெய் எஞ்சின்ல நான் முதல்ல பிடிக்கிறது, பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணிட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துற காக்தான் (திருப்புற வால்வு), அதுக்குள்ள இருக்குற ரப்பர் ரிங் தேஞ்சிருக்கும். அப்புறம் ஹோஸ் மாட்டுற கனெக்டர்.

பல்ப் ஒட்டவும் இல்ல, குமிழியும் இல்ல, ஆனா அமுக்குனா மட்டும் வேகம் வருதுன்னா எஞ்சின்ல இருக்குற ஃப்யூவல் பம்ப். உள்ள ஒரு மெல்லிசான சவ்வுதான், கிரான்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழ இருக்குற அறை) அழுத்தத்துல துடிச்சு எண்ணெயைத் தள்ளும், வெறச்சாலோ ஊசி ஓட்டை விழுந்தாலோ மெதுவா ஓட்ட மட்டும் போதும், ஃபுல்லுக்குப் போதாது. அந்த சவ்வு கிட் பிஸ்டன் செட் விலையில ஒரு துண்டுதான்.

இதெல்லாம் ஒவ்வொண்ணா பிரிக்க நேரம் இல்லன்னா, நல்லா ஓடுற ஒரு போட்ல இருந்து டேங்க், ஹோஸ், பல்ப் மூணையும் ஒரு மணி நேரத்துக்கு கடன் வாங்கி, காக் வழியா விடாம நேரா எஞ்சின்ல மாட்டி ஓட்டுங்க. குறை போச்சுன்னா எஞ்சின்ல ஸ்பேனரே வைக்க வேண்டாம். நான் ஒரு தடவ மூணு நாள் கார்புரேட்டரோட மல்லுக்கட்டி கடைசில கடுப்புல ஹோஸை நீளவாக்குல கிழிச்சுப் பாத்தா, வெளிய புதுசு மாதிரி இருந்த ஹோஸுக்குள்ள உள்தோல் உரிஞ்சு நாக்கு மாதிரி தொங்குது, எண்ணெய் வேகமா வந்தா அந்த நாக்கு போய் வழிய அடைச்சுக்குது. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பருக்கு அது ஆகாது, அதனால பழைய ஹோஸ்னா யோசிக்காம மாத்திடுங்க.

பல்பை அமுக்கியும் ஒண்ணும் மாறலன்னா அப்பதான் எஞ்சின் பக்கம் வரணும். கூலிங் தண்ணி பீச்சுறது ஃபுல் த்ராட்டில்லயும் பலமா வருதா, இல்ல சுடச்சுட வருதா பாருங்க, அந்தத் தண்ணியைத் தள்ளுற இம்பெல்லர் மாத்தி ஒரு வருஷம் தாண்டியிருந்தா மாத்திடுங்க. சூடானா மட்டும் ப்ளக்குக்கு கரண்ட் குடுக்குற காயில் கைவிடுறதும் உண்டு, அத கரைக்கு வந்து டீ குடிச்சிட்டு செக் பண்ணா தெரியாது, வேகம் விழுந்த நிமிஷமே நிறுத்தி ரெண்டு ப்ளக்கையும் கழட்டிப் பாருங்க. ஒண்ணு பழுப்பா காஞ்சு, இன்னொண்ணு கருப்பா நனைஞ்சு இருந்தா நீங்க ஒத்த சிலிண்டர்ல ஓடிட்டிருக்கீங்க.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம்) பாக்குறதா இருந்தா ரெண்டு ப்ளக்கும் வெளிய, த்ராட்டில் முழுசா திறந்து, கேஜ் முள் ஏறாம நிக்கிற வரைக்கும் கயிறு இழுக்கணும். பக்கத்து வீட்டு பெட்ரோல் எஞ்சினோட நம்பரை வச்சு ஒப்பிடாதீங்க, மண்ணெண்ணெய் மாடலுக்கு கம்ப்ரஷன் இயல்பாவே கம்மி. ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா மட்டும் உங்க மெக்கானிக் சொன்னதப் பத்தி யோசிக்கலாம், அப்பவும் கரி பிடிச்சு ரிங் ஒட்டியிருக்கான்னு பாத்துட்டு.

இன்னொண்ணு, வேகம் விழும்போது எஞ்சின் சத்தம் குறையுதா, கூடுதான்னு நீங்க எழுதல. சத்தம் ஏறி போட் மட்டும் நகரலன்னா ப்ரொபெல்லர் நடுவுல இருக்குற ரப்பர் புஷ் வழுக்குது. புஷ்ஷோட உள்குழாய்ல இருந்து ப்ரொபெல்லர் வரைக்கும் பெயின்ட்ல ஒரே கோடா போட்டுட்டு ஓட்டிட்டு வந்து பாருங்க, கோடு விலகியிருந்தா அதான்.

சரி பண்ற வரைக்கும் பாதி த்ராட்டிலுக்கு மேல போகாதீங்க. இந்த எஞ்சினுக்கு 2டி ஆயில் (உராய்வைக் குறைக்கிற டூ ஸ்ட்ரோக் ஆயில்) மண்ணெண்ணெயோட கலந்துதான் உள்ள போகுது, மண்ணெண்ணெய் குறைஞ்சா ஆயிலும் குறையும், சூடும் ஏறும், இப்ப நல்லா இருக்குற பிஸ்டன் அப்ப நிஜமாவே பிடிச்சுக்கும்.